அம்மாவின் வளையல் முழங்கை வரை ஏறுகிறது. எந்தப் பவுடர் வாங்கலாம்?

தெற்குவீதி

வணக்கம். நன்னிலம் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 72. அப்பா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. நான் கோயம்புத்தூரில். தினமும் ராத்திரி எட்டரைக்குப் போன் செய்வேன். "சாப்டியாம்மா?" "ஆச்சுப்பா, நீ?" இதற்கு மேல் பெரிதாகப் பேச்சு இருக்காது.

பொங்கலுக்குப் போயிருந்தேன். அம்மா கையில் இரண்டு தங்க வளையல், கல்யாணத்தில் போட்டது. ஒருமுறை அடகு வைக்க வேண்டி வந்தபோது எண்ணெய் தடவி, சோப்பு போட்டு, அரை மணி நேரம் போராடிக் கழற்றியது எனக்கு நினைவிருக்கிறது. இந்த முறை பரணிலிருந்து பொங்கல் பானையை எடுக்கக் கையைத் தூக்கினார். இரண்டும் சறுக்கிக்கொண்டு போய் முழங்கையில் நின்றன. ஜாக்கெட்டும் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தது.

மருந்துக்கடை மெஷினில் ஏற்றி நிறுத்தினேன், 41 கிலோ. ஒன்றரை வருடம் முன்பு கண்புரை ஆபரேஷன் செய்த சீட்டைத் தேடி எடுத்தால் அதில் 49. டவுனில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "சுகர் நல்லா கண்ட்ரோல்ல இருக்கு, வயசானா கொஞ்சம் இளைக்கத்தான் செய்வாங்க" என்றார். அம்மாவுக்கு அதைக் கேட்டதில் ஒரே பெருமை.

வீட்டில் சாமானுக்குக் குறைவில்லை. தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த பாதாம் பொட்டலம்கூடப் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. முதியோருக்கு என்று கடையில் நான்கைந்து புரோட்டீன் பவுடர் வைத்திருக்கிறார்கள். எது நல்லது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ராஜபாட்டை

வயசானா உடம்பு வத்தத்தான் செய்யும் நண்பரே. எங்க ஆத்தா ஒரு வேளைச் சோறுதான், 93 வரைக்கும் இருந்தாங்க. டாக்டரே சரின்னு சொன்னப்புறம் நீங்க ஏன் குழப்பிக்கிறீங்க?

ஓய்வு_செவிலி

தம்பி தெற்குவீதி, குழப்பிக்கொள்ள வேண்டிய விஷயம்தான். 49லிருந்து 41 என்றால் உடம்பில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தாலே காரணம் தேட வேண்டும் என்பது வார்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். உங்களிடம் நடுவில் எடுத்த எடை இல்லாததால் எப்போதிலிருந்து இறங்கியது என்று தெரியவில்லை. அப்பா போன பிறகுதான் என்று என் மனசு சொல்கிறது.

முதியோருக்கு என்றே ஒரு கேள்வித்தாள் உண்டு, ஆறே கேள்வி. கடந்த மூன்று மாதத்தில் சாப்பாடு குறைந்ததா, மூன்று கிலோவுக்கு மேல் இளைத்தாரா, வீட்டை விட்டு வெளியே நடமாடுகிறாரா, பெரிய நோயோ மன அதிர்ச்சியோ வந்ததா, மறதியோ மனச்சோர்வோ இருக்கிறதா, கடைசியாக உயரத்துக்கு ஏற்ற எடையா. மொத்தம் 14 மதிப்பெண். 12ம் மேலேயும் வந்தால் பயமில்லை. 8 முதல் 11 வரை ஆபத்தின் வாசல். 7ம் கீழேயும் வந்தால் ஊட்டக்குறைவு என்றே வைத்துக்கொள்ள வேண்டியது. முதுகு கூனியவர்களுக்கு உயரம் சரியாக அளக்க வராது, அதனால் கடைசிக் கேள்விக்குப் பதிலாகக் கெண்டைக்காலை அளப்போம். தையல் டேப் போதும். உட்கார வைத்து, கெண்டைச் சதை எங்கே அதிகப் பருமனோ அங்கே இறுக்காமல் சுற்றுங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. "சுகர் கண்ட்ரோல்" என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. மாத்திரை வேலை செய்கிறது என்பது ஒன்று. ஆள் சாப்பிடவே இல்லை என்பது இன்னொன்று. என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று எழுதுங்கள். பவுடர் கதையை அப்புறம் பார்க்கலாம்.

தெற்குவீதி

அக்கா, நான் கோவை திரும்பிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணை அளக்கச் சொன்னேன். 28 சொச்சம்.

மாத்திரை: சுகருக்குக் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது காலை, ராத்திரி. பிரஷருக்கு ஒன்று. காலையில் வெறும் வயிற்றில் பேன்டோபிரசோல். அதை எப்போது ஆரம்பித்தார் என்று அம்மாவுக்கே தெரியவில்லை, நாலைந்து வருஷம் இருக்கலாம். மூட்டு வலிக்கு அவ்வப்போது கடையில் கேட்டு வாங்குகிறார்.

அந்தப் பெண் வேறொன்றும் சொன்னாள். கீழ்ப் பல்செட்டை அம்மா போடுவதே இல்லையாம், எவர்சில்வர் டப்பாவில் கிடக்கிறதாம். ஈறு சுருங்கிவிட்டது, போட்டால் ஆடுகிறது, குத்துகிறது என்று என்னிடம் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறார். பாதாம் ஏன் பிரிக்கப்படவில்லை என்று இப்போதுதான் உறைத்தது.

தனிக்குடித்தனம்

தம்பி, நான் உன் அம்மா வயசுக்காரி, 69. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறேன். பேத்தி இந்தத் தளத்தைக் காட்டிக்கொடுத்தாள். படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுதத் தோன்றிற்று.

நீ "சாப்டியா" என்று கேட்கிறாய். "என்ன சாப்பிட்டே" என்று கேட்டதுண்டா? நானும் என் பிள்ளையிடம் ஆச்சு என்றுதான் சொல்வேன். பொய் இல்லை. காபியில் இரண்டு ரஸ்க்கை நனைத்துத் தின்றாலும் ஆச்சுதானே.

ஒருத்திக்குச் சமைப்பது என்பது தனிக் கஷ்டம். இரண்டு கை பருப்பைக் குக்கரில் வைத்தால் அடியோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் தாராளமாக வைத்தால் அதே சாம்பார் மூன்று நாள். ஒரு முருங்கைக்காய், கால் கிலோ கத்திரிக்காய் என்று கடைக்காரனிடம் கேட்கவே கூச்சமாக இருக்கும். அவர் இருந்தபோது காரம் பத்தவில்லை, உப்பு தூக்கல் என்று தினம் ஒரு குற்றம் சொல்வார். எரிச்சலாக வரும். இப்போது குற்றம் சொல்ல ஆளில்லை, தாளிக்கவும் கை வரவில்லை. ரசம் வைத்தால் போதும் என்று ஆகிவிடுகிறது.

அப்புறம் விரதம். செவ்வாய், வெள்ளி ஒருவேளை. சஷ்டி, கார்த்திகை, இரண்டு ஏகாதசி. கூட்டிப் பார், மாதத்தில் பன்னிரண்டு நாளுக்குக் குறையாது. வாலிபத்தில் விரதம் இருந்தால் மறுநாள் இரண்டு மடங்கு சாப்பிடுவோம். இப்போது மறுநாளும் பசிப்பதில்லை.

மதுரைக்காரி

அம்மா, கண்ணில் தண்ணீர் வரவைத்துவிட்டீர்கள்.

நான் எங்கள் மாமியார் கதையைச் சொல்கிறேன். எங்கும் யாரும் இதை எழுதி நான் பார்த்ததில்லை. எங்களோடுதான் இருந்தார், மூன்று வேளையும் சுடச்சுட நான்தான் பரிமாறுவேன். ஆனாலும் இளைத்துக்கொண்டே போனார். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டார். கேட்டால் "வயிறு மந்தம்". ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தோம், ஒன்றுமில்லை.

ஒருநாள் விடிகாலையில் கழிவறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உட்கார்ந்து எழ முடியவில்லை. எங்கள் வீட்டில் குத்த வைத்து உட்காரும் பீங்கான்தான். இரண்டு மூட்டும் தேய்ந்து போனவர். சாப்பிட்டால் போக வேண்டும், போனால் எழ முடியாது, எழ முடியாவிட்டால் மகனைக் கூப்பிட வேண்டும். அதற்குச் சாப்பிடாமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்! தண்ணீர் குடிக்காததில் மலச்சிக்கல், மலச்சிக்கலில் வயிறு உப்பல், உப்பலில் பசியில்லை. ஒன்றை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

நடுவில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் நாற்காலி கடையில் விற்கிறது. அதைப் பீங்கான் மேலே போட்டோம். சுவரில் ஒரு கைப்பிடி அடித்தோம். பத்து நாளில் ராத்திரி இரண்டு இட்லி கேட்டார். ஸ்கேனுக்குச் செலவழித்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தெற்குவீதி சார், உங்கள் ஊர் வீட்டில் கழிவறை எங்கே இருக்கிறது?

தெற்குவீதி

கொல்லையில். கிணற்றடி தாண்டிப் போக வேண்டும், ராத்திரி வெளிச்சம் பத்தாது. குத்த வைத்து உட்காருவதுதான். வேறென்ன சொல்ல.

சத்துமிக்ஸ்_ஆர்டர்

*(பதிவு நீக்கப்பட்டது)*

மட்டுறுத்துநர்

வாட்ஸ்அப் எண் போட்டுச் சத்துமாவு விற்பவர்களுக்கு: இது சந்தை இல்லை. அடுத்த முறை கணக்கே போய்விடும்.

மாத்திரைக்கடை

மருந்துக்கடையில் இருபது வருடமாக இருக்கிறேன். மேலே போட்ட பட்டியலைப் பார்த்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேட்க மட்டும்.

முதலில் கிளிமிபிரைடு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும் மாத்திரை அது. ராத்திரி ரஸ்க் தின்றுவிட்டு அதைப் போட்டால் விடிகாலையில் சர்க்கரை தரைமட்டத்துக்குப் போகலாம். வேர்த்துக் கொட்டுகிறதா, கைகால் நடுங்குகிறதா என்று கேளுங்கள். நான் அவசரம் என்று சொல்வது இது ஒன்றைத்தான். நாளைக்கே பேசுங்கள்.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து. ஆனால் சிலருக்கு நாக்கில் உலோகச் சுவை, குமட்டல், பசி மந்தம் வரும். வருடக்கணக்கில் போட்டால் பி12 என்ற வைட்டமின் குறையும். பேன்டோபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் அதுவும் பி12 சேர்வதைக் கெடுக்கும். வயதானால் வயிற்றில் அமிலச் சுரப்பு குறைவது வேறு. பால், முட்டை, மீன், கறியில்தான் பி12 உண்டு, உங்கள் அம்மா சைவமாக இருந்தால் நாலு பக்கமும் அடி. கால் மரத்துப்போவது, மறதி, நாக்கு எரிச்சல் இருந்தால் இரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லுங்கள்.

மூட்டு வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும். அதற்காகத்தான் யாரோ பேன்டோபிரசோலை ஆரம்பித்திருப்பார்கள். ஆரம்பித்தவருக்கும் மறந்துவிட்டது, நிறுத்தச் சொல்லவும் ஆளில்லை. எங்கள் கடைக்கு வரும் சீட்டுகளில் பாதி இப்படித்தான்.

சத்துக்கணக்கு

உணவியல் படித்தவள். பவுடர் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் ஒரு கணக்குப் போடுகிறேன். தனிக்குடித்தனம் அம்மா சொன்ன மாதிரி ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். இரண்டு காபி (சேர்த்து 120 மில்லி பால்), காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் ரசம் சாதம் (அரிசி 75 கிராம்), நீர் மோர், ராத்திரி இரண்டு ரஸ்க். புரதம் முறையே 4, 4, 6, ஒன்றரை, 2 கிராம். எப்படிக் கூட்டினாலும் 20 தொடாது.

வேண்டியது எவ்வளவு? நம் நாட்டுக் கணக்கில் பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். முதியோர் மருத்துவம் பார்ப்பவர்கள் 65க்கு மேல் 1 முதல் 1.2 வரை வேண்டும் என்கிறார்கள், ஏனென்றால் வயதான தசை அதே புரதத்தை வாங்கிக்கொண்டு குறைவாகத்தான் வேலை செய்யும். 41 கிலோவுக்கு 41லிருந்து 49 கிராம். அதாவது அம்மா பாதிகூடச் சாப்பிடவில்லை. கலோரியும் 600, 700க்கு மேல் போகாது. ரசம் சாதம் வயிற்றை நிரப்பும், உடம்பை நிரப்பாது.

இதைச் சரிசெய்யப் பவுடர் டப்பா வேண்டும் என்றில்லை. பொட்டுக்கடலையை வறுத்துப் பொடித்து வைத்தால் 25 கிராமில் ஐந்து கிராமுக்கு மேல் புரதம், பல்லே வேண்டாம், சாதத்தில் நெய் விட்டுப் பிசையலாம். நிலக்கடலையும் அப்படித்தான், முழுசாகத் தராமல் துவையலாக அரைத்துத் தாருங்கள். ஒரு முட்டையில் 6 கிராம். பாசிப்பருப்பு சீக்கிரம் குழையும், அரிசியோடு சரிபாதி போட்டுப் பொங்கலாக வைத்தால் ஒரே பாத்திரத்தில் முடிந்தது. மூன்று வேளை என்பதை ஆறு சின்ன வேளையாக்குங்கள்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத் தொடங்கவும். பல நாள் அரைப்பட்டினி கிடந்தவருக்கு ஒரே நாளில் திணிக்கவும் கூடாது, மெல்ல ஏற்றுங்கள்.

ராஜபாட்டை

முட்டை, நெய், கடலை! கொழுப்பு ஏறாதா? எங்க அப்பாவுக்கு டாக்டர் இதையெல்லாம் நிறுத்தச் சொல்லியிருக்கார்.

ஓய்வு_செவிலி

தம்பி ராஜபாட்டை, உங்கள் அப்பாவுக்கு என்ன எடை? 80 கிலோ ஆளுக்குச் சொன்ன பத்தியத்தை 41 கிலோ அம்மாவுக்குப் போடக்கூடாது.

நான் வேலை பார்த்த வார்டில் ஒரு தாத்தா இருந்தார். சுகர் டாக்டர் வாழைப்பழமும் இனிப்பும் கூடாது என்றார். பிரஷர் டாக்டர் உப்பும் ஊறுகாயும் கூடாது என்றார். இதய டாக்டர் முட்டையையும் தேங்காயையும் எடுத்தார். வீட்டுக்கு வந்த சித்தப்பா வாதத்துக்குப் பருப்பு ஆகாது, உருளைக்கிழங்கு வாயு என்றார். மிச்சம் இருந்தது உப்பில்லாத கஞ்சி. அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே போனார்கள், எதைத் தருவது என்று ஒருவரும் சொல்லவில்லை. வயதானால் நாக்கில் சுவை வேறு மங்கும், அதில் உப்பையும் பிடுங்கினால் யாருக்குத்தான் இறங்கும்? 70க்கு மேல் இளைத்துக்கொண்டிருப்பவருக்குப் பத்தியத்தைத் தளர்த்தலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

சொல்ல விட்டுவிட்டேன். காச நோய், புற்று, தைராய்டு இந்த மூன்றையும் பார்க்காமல் "தனிமைதான் காரணம்" என்று முடிவு கட்டாதீர்கள். இருமலே இல்லாத காச நோயை வயதானவர்களிடம் எத்தனையோ பார்த்திருக்கிறேன், எடை மட்டும் இறங்கும். விழுங்கும்போது இருமுகிறாரா என்றும் கவனியுங்கள், அது தனி விஷயம்.

கீழத்தெரு கிளார்க்

எல்லாரும் அம்மாக்களைப் பற்றியே பேசுகிறோம். மனைவி போன ஆண்கள் இன்னும் மோசம், தண்ணீர் சுட வைக்கவே தெரியாது. எங்கள் பெரியப்பாவுக்கு நான்கு பிள்ளைகள், மாதம் ஒருவர் வீடு என்று முறை. ரேஷன் கார்டு ஒருவர் வீட்டில், மாத்திரை டப்பா ஒருவர் வீட்டில், பல்செட் இன்னொருவர் வீட்டில் விட்டுவந்தது. மாதக் கடைசி மூன்று நாள் எந்த மருமகளும் அரிசி அளந்து போட மாட்டாள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். நான்கு வீட்டிலும் சோறு உண்டு, அவருக்கு எந்தச் சோறும் உரிமை இல்லை.

பணமும் ஒரு காரணம், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. முதியோர் ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில்தான் 1000லிருந்து 1200 ஆனது. அதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயதுக்காரருக்கு இன்றும் 200 ரூபாய்தான். அது வாங்குபவர்களுக்குச் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடும் உண்டு. ஆனால் பேரப்பிள்ளைகளோடு தட்டேந்தி உட்காரக் கூச்சப்பட்டு எங்கள் தெருவில் போகிறவர்கள் குறைவு. ரேஷன் கடையில் கைரேகை பதியவில்லை என்று திரும்பி வருபவர்களும் உண்டு. களையெடுத்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? 2025 ஆகஸ்டில் 70 தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே பொருள் வரும் தாயுமானவர் திட்டம் தொடங்கினார்கள். தெற்குவீதி, உங்கள் அம்மாவின் கார்டுக்கு வருகிறதா என்று பாருங்கள்.

இது ஏதோ நம் நாலு வீட்டுக் கதை என்றும் நினைக்க வேண்டாம். 2017-18ல் நாடு முழுக்க 45 வயது தாண்டிய 72,000 பேருக்கு மேல் விசாரித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 60 தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் எடை குறைவு. ஐந்தில் ஒருவருக்கு மேல் எடை அதிகம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

சத்துக்கணக்கு

அந்த இரண்டாவது கூட்டத்தையும் விட்டுவிடக்கூடாது. வயிறு பெருத்து, கைகால் சூம்பிப்போன தாத்தாக்களைப் பார்த்திருப்பீர்கள். மெஷினில் எடை சரியாகத்தான் காட்டும், தசை இருக்காது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள்.

ராஜபாட்டை

அப்பாவை எழச் சொல்லிப் பார்த்தேன். கை ஊன்றித்தான் எழுந்தார். வாய விட்டுட்டேன், மன்னிக்கணும்.

தெற்குவீதி

ஆறு வாரம் கழித்து வருகிறேன். பலர் தனிமடலில் கேட்டதால் நடந்ததை எழுதுகிறேன்.

மாத்திரைக்கடை சார் சொன்ன மறுநாளே அம்மாவிடம் கேட்டேன். விடிகாலையில் வேர்ப்பது உண்டாம், "மின்விசிறி சரியில்லை" என்று நினைத்திருந்தாராம். பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். வேறொரு டாக்டர், முதியோரைப் பார்ப்பவர். கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு மெட்ஃபார்மினை மட்டும் வைத்தார். பேன்டோபிரசோலையும் படிப்படியாக எடுத்தார், வலி மாத்திரைக்குப் பதில் பாராசிட்டமால். எக்ஸ்ரே, சளி, தைராய்டு எல்லாம் சரி. பி12 மட்டும் ரொம்பக் குறைவு, ஊசி போடுகிறார்கள். "தூக்கம் எப்படிம்மா, அழுகை வருதா?" என்று அவர் கேட்டதும் அம்மா பதில் சொல்லாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். அதுவும் பார்க்க வேண்டிய விஷயம் என்று அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்.

கீழ்ப் பல்செட் புதிதாக அளவெடுத்திருக்கிறது. கொல்லைக்குப் போகும் வழியில் இரண்டு விளக்கு. ஓட்டை நாற்காலி போட்டதும் முதலில் "இதென்ன ஆஸ்பத்திரி மாதிரி" என்று திட்டினார், இரண்டாம் நாளிலிருந்து பேச்சில்லை.

சமையல்தான் பிடிபடாமல் இருந்தது. கடைசி வீட்டுச் சின்னம்மாவும் தனி ஆள். ஒரு நாள் இவர் வீட்டில் குழம்பு, மறுநாள் அவர் வீட்டில் என்று பேசிவைத்திருக்கிறேன். பேசிவைத்தது நான், நடத்துவது அவர்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே. சின்னம்மா புளியை அள்ளிப் போடுகிறாராம், பெருங்காயமே போடுவதில்லையாம். போனில் இப்போது பத்து நிமிடம் இந்தப் புகார்தான். செவ்வாய் விரதத்தை விட்டார், வெள்ளியை விட மாட்டேன் என்கிறார். அதோடு பாலும் பழமும் சேர்த்துக்கொள்வதாக உடன்பாடு.

எடை 42 கிலோ 300. அக்கா, ஒரு கிலோ சொச்சம் போதுமா?

ஓய்வு_செவிலி

ஏறுகிறதே, அதுதான் முக்கியம். இறங்குவது நின்றாலே நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஒவ்வொரு மாதமும் அதே மெஷின், அதே நேரம், காலண்டரில் எழுதி வையுங்கள். காலும் அளந்து வரட்டும்.

தனிக்குடித்தனம்

தம்பி, பெருங்காயம் இல்லாத குழம்பை உன் அம்மா எப்படிப் பொறுத்துக்கொள்கிறாள் என்று தெரியவில்லை. எங்கள் தெருவிலும் இரண்டு பேர் என்னைப் போல இருக்கிறோம், நேற்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ஒருத்தி பூண்டு தொட மாட்டாள், பார்ப்போம்.

நாட்டரசன்

இழையை முழுசாகப் படித்தேன். மதுரைக்காரி அக்கா, அந்த நாற்காலியின் கால் அகலம் எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியுமா? எங்கள் வீட்டுக் கழிவறை வாசலே இரண்டடிதான், அப்பத்தா கொஞ்சம் கனமான உடம்பு. பிளாஸ்டிக் தாங்குமா, இரும்பில் வாங்குவதா?